'லேடி சாட்டர்லி' இந்தியாவில் தடை செய்யப்பட்ட புத்தகமா? ஒளித்துப் படித்த எங்களை அது கெடுத்ததா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஆங்கில எழுத்தாளர் டி.எச்.லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலுக்கு இந்தியாவில் உண்மையாகவே தடை இருந்ததா, இப்போது வாங்கலாமா, அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தெரியாமல் படித்த பிள்ளைகளை அது கெடுத்ததா? முதல் இரண்டுக்கும் வழக்கறிஞனாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதற்கு, அந்தப் பிள்ளைகளில் ஒருவனாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தடை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதற்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அரசே ஆணை போட்டுப் பிரதிகளைப் பறிமுதல் செய்வது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1948இல் அப்படித் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் விடுதலையானது. இன்னொன்று, ஆபாசமான புத்தகத்தை விற்றார் என்று கடைக்காரர் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவில் வழக்குப் போடுவது. இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் சாட்டர்லி வழக்கு இரண்டாவது வகை.

பம்பாயில் ஹாப்பி புக் ஸ்டால் என்று ஒரு புத்தகக் கடை. நான்கு கூட்டாளிகள். 1959 டிசம்பர் 12 அன்று போலீஸ் அனுப்பிய ஆள் ஒருவர் வாடிக்கையாளர் போல வந்து இந்த நாவலின் வெட்டப்படாத பிரதியை வாங்கிப் போனார். அதன்பேரில் வழக்கு. நால்வருக்கும் தலா 20 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் ஒரு வாரம் சிறை. 20 ரூபாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கூட்டாளிகளில் ஒருவரான ரஞ்சித் உதேஷி விடவில்லை. உயர் நீதிமன்றம் போனார், தோற்றார். உச்ச நீதிமன்றம் போனார். அரசியலமைப்பு தரும் பேச்சுரிமைக்கு முன்னால் 292ஆம் பிரிவு நிற்குமா என்று கேட்டார். கடையில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு வியாபாரி படித்துப் பார்த்துவிட்டா விற்க முடியும் என்றும் கேட்டார். இந்த நாவல் இலக்கியம்தான் என்று நாவலாசிரியர் முல்க் ராஜ் ஆனந்த் அவர் தரப்பில் சாட்சி சொல்லியிருந்தார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1964 ஆகஸ்ட் 19 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா.

சட்டக் கல்லூரியில் படிக்கும்போது அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். அதில் நான் தேடியது என்னைத்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நீதிமன்றம் கையில் எடுத்த அளவுகோல் 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹிக்ளின் என்ற வழக்கில் உருவானது. தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த அந்த விதி இப்படிப் போகும்: ஒரு பிரசுரம் யார் கையில் போய்ச் சேரக்கூடுமோ, அவர்களில் கெட்ட தாக்கத்துக்கு எளிதில் ஆளாகும் மனதைக் கெடுத்துச் சீரழிக்கும் போக்கு அதற்கு உண்டா? அவர் முதலில் குறிப்பிடுவது இளம் வயதினரைத்தான், ஆண், பெண் இருபாலாரையும். அதாவது பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொண்டு, அவனுக்கு ஆகாதது ஊரில் யாருக்கும் ஆகாது என்று சட்டம் முடிவு செய்தது. அந்தப் பையனை எந்த நீதிமன்றமும் கூண்டில் ஏற்றி, உனக்கு என்னப்பா ஆயிற்று என்று கேட்டதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது நெய்வேலி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படித்த வருஷம், சென்னையில் வேலையில் இருந்த ஒரு நண்பனின் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது பெட்டிக்குள் கொண்டுவந்தார் அந்தப் புத்தகத்தை. வாங்கிய இடம் மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி இருந்து 1985இல் எரிந்துபோன அந்தக் கட்டடத்தையும் அதன் பழைய புத்தகக் கடைகளையும் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னாலும் அங்கே கிடைக்காத புத்தகம் இல்லை. அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் அது இல்லை. பிரவுன் ஷீட் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'கெமிஸ்ட்ரி' என்று எழுதி, நாங்கள் கைமாற்றிக்கொண்டிருந்தோம்.

அது பென்குயின் பதிப்பு. அட்டையில் தீ நாக்குகளுக்கு நடுவே சிறகு விரித்த ஒரு பீனிக்ஸ் பறவை. எங்கள் கைக்கு வரும் முன்பே பலர் கை பட்டுவிட்டது என்பது பார்த்தாலே தெரியும். மேஜைமேல் வைத்து விரலை எடுத்தால் தானாகவே சில பக்கங்களில் திறந்துகொள்ளும். முதுகு அந்த இடங்களில்தான் உடைந்திருந்தது. ஓரத்தில் பென்சில் கோடுகள். சில தாள்களின் மூலை மடங்கி மடங்கி நைந்திருந்தது. மற்ற பக்கங்கள் எல்லாம் புதுசு போல இருந்தன. நாங்களும் முதலில் அந்தப் பக்கங்களுக்குத்தான் போனோம். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அந்த வயதில் யாராக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள். ஆனால் எங்கள் ஆங்கிலத்துக்கு அது பிடிபடவில்லை. கதையில் லேடி சாட்டர்லியின் காதலனாக வரும் வேட்டைக் காவலன் மெல்லர்ஸ் நினைத்தால் டெர்பிஷயர் வட்டார வழக்குக்குத் தாவிவிடுவான். லிப்கோ அகராதியைப் புரட்டினால் அதில் பாதிச் சொற்கள் இல்லை. ஒரு வாரத்தில் நண்பர்களுக்கு அலுத்துப்போய், புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது.

தொடக்கத்திலேயே ஒரு பக்கம் இருந்தது. அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்தப் புத்தகத்தை வெளியிட்டதற்காக பென்குயின் நிறுவனத்தின் மீது லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1960 அக்டோபர் 20 முதல் நவம்பர் 2 வரை வழக்கு நடந்தது. குற்றமில்லை என்று தீர்ப்பளித்த பன்னிரண்டு ஜூரர்களுக்கு, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர்களுக்கு, மூன்று பெண்களுக்கும் ஒன்பது ஆண்களுக்கும், இந்தப் பதிப்பு சமர்ப்பணம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். ஜூரர்களுக்கு ஒரு நாவலைச் சமர்ப்பணம் செய்வார்கள் என்றே எனக்கு அன்றுவரை தெரியாது. என்னைச் சட்டம் படிக்கத் தூண்டியவற்றில் அந்தப் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் 1959இல் புதிய ஆபாசப் பிரசுரச் சட்டம் வந்திருந்தது. துண்டு துண்டாக எடுத்துப் பார்க்கக் கூடாது, புத்தகத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். இலக்கியத் தகுதி உண்டு என்று அறிஞர்கள் சாட்சி சொல்லலாம். அந்தச் சட்டத்துக்கான பெரிய சோதனை இந்த வழக்குதான். அரசுத் தரப்பு வழக்கறிஞர் மெர்வின் கிரிஃபித் ஜோன்ஸ் ஜூரர்களைப் பார்த்து, உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிப்பதை நீங்கள் விரும்புவீர்களா என்று கேட்டார். ஜூரியில் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார். எதிர்த்தரப்பில் எழுத்தாளர்கள் இ.எம்.ஃபார்ஸ்டர், ரெபெக்கா வெஸ்ட், வூலிச் பிஷப் ஜான் ராபின்சன் உள்பட 35 பேர் சாட்சி சொன்னார்கள். தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பேராசிரியர் ரிச்சர்ட் ஹாகர்ட் கூண்டில் ஏறி, இது ஒழுக்கத்தில் கறாரான, ப்யூரிட்டன் புத்தகம் என்று சொல்லி, குறுக்கு விசாரணையிலும் அதையே சாதித்தார். விடுதலைக்குப் பிறகு விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே 2,00,000 பிரதிகள் தீர்ந்தன. விலை மூன்றரை ஷில்லிங்.

இந்த வழக்கில் என் மனதை விட்டுப் போகாத பொருள் ஒன்று உண்டு. வழக்கை விசாரித்த நீதிபதி பைர்னின் மனைவி, கணவருக்காக நாவலைப் படித்து, முக்கியமான இடங்களைக் குறித்து, எந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்று தன் கையால் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகும்போது அட்டை வெளியே தெரியாமலிருக்கத் துணிப்பை ஒன்றும் தைத்தார். அந்தப் பிரதி வெளிநாட்டுக்குப் போய்விடாமல் 2019இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் வாங்கி வைத்துக்கொண்டது. அதன் படத்தைப் பார்த்தபோது எங்கள் பிரவுன் ஷீட்டும் பென்சில் கோடுகளும்தான் கண்முன் வந்தன. நெய்வேலிப் பையன்களும் லண்டன் நீதிபதியின் வீடும் இந்த நாவலை ஒரே முறையில்தான் அணுகியிருக்கிறார்கள்: அட்டையை மறைத்து, பக்க எண்ணைக் குறித்து. பம்பாயில் வழக்குப் போட்டவர்களும் அதே பக்கங்களைத்தான் புரட்டியிருப்பார்கள். என் வருத்தமே இதுதான். இத்தனை பேர் பயந்த, சண்டை போட்ட, காசு கொடுத்து வாங்கிய ஒரு நாவலை முழுசாகப் படித்தவர்கள் மிகக் குறைவு.

சரி, முழுசாகப் படித்தால் என்ன இருக்கிறது? நிலக்கரி இருக்கிறது. எனக்கு அது பெரிய அதிர்ச்சி. லாரன்ஸ் நாட்டிங்ஹாம்ஷயரின் ஈஸ்ட்வுட்டில் 1885இல் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். நாவல் நடப்பதும் சுரங்க ஊரில். கிளிஃபர்ட் சாட்டர்லி அந்தச் சுரங்கங்களின் முதலாளி. முதல் உலகப் போரில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய், நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாரையும் ஆள்கிறவர். ராக்பி என்ற அவருடைய மாளிகையில் இருந்து பார்த்தால் சுரங்கத்தின் புகை தெரியும், சல்லடை இயந்திரங்களின் சத்தம் கேட்கும். எங்கள் ஊர்ச் சுரங்கம் திறந்தவெளி, முதலாளி அரசாங்கம், வித்தியாசம் நிறைய. ஆனாலும் சங்கு ஊதினால் ஊரே அசையும் வாழ்க்கையும், பார்க்கும் வேலைக்கு ஏற்ற குவார்ட்டர்ஸும், பெரிய வீட்டின் முன்னால் போகும்போது அப்பா சைக்கிளை விட்டு இறங்கி நடப்பதும் எனக்குத் தெரிந்த உலகம். அந்த உலகம் ஆங்கில நாவலில், அதுவும் 'அந்த மாதிரி' நாவலில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பதிமூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்த காலம், காடு முழுக்க நீலப் பூ. கிளிஃபர்ட் தன் மோட்டார் நாற்காலியில் மனைவி கோனியோடு, அதாவது லேடி சாட்டர்லியோடு, கிளம்புகிறார். வழியெல்லாம் பேச்சு: மக்கள் கூட்டம் என்றைக்கும் ஆளப்பட வேண்டியதுதான், சிலர் ஆளப் பிறந்தவர்கள். சக்கரம் பூக்களை நசுக்கிக்கொண்டே போகிறது. திரும்பி வரும்போது மேட்டில் மோட்டார் நின்றுவிடுகிறது. ஹாரனை அழுத்தி மெல்லர்ஸைக் கூப்பிடுகிறார். அவன் வந்து குனிந்து பார்க்கிறான், மோட்டார் சமாசாரம் தனக்குத் தெரியாது என்கிறான். தள்ளட்டுமா என்று கேட்டால் கிளிஃபர்டுக்குக் கோபம். தானே போகும், யாரும் கை வைக்கக் கூடாது. இயந்திரம் முக்குகிறது, முனகுகிறது, நகரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் மெல்லர்ஸ் சக்கரத்தைத் தூக்கி விடுவிக்கிறான். நிமோனியா வந்து தேறிய உடம்பு, முகம் வெளுத்து ஒரு கணம் துவண்டு உட்கார்ந்துவிடுகிறான். கோனியும் அவனோடு சேர்ந்து தள்ளுகிறாள். மேலே உட்கார்ந்திருப்பவர் மரியாதையாகவே பேசிக்கொண்டு வருகிறார். தன்னை யார் சுமக்கிறார்கள் என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. இந்த அத்தியாயத்தில் யாரும் பென்சில் கோடு போட்டிருக்கவில்லை. அந்த நாவலிலேயே எல்லாவற்றையும் விட அபாயகரமான பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கெட்டேனா என்ற கேள்விக்கு இங்கேதான் என் பதில் இருக்கிறது. ஒளித்துப் படித்த பக்கங்கள் எனக்குள் கொஞ்ச நாள் படபடப்பைத் தந்தன, அப்புறம் அது அடங்கிவிட்டது. அடங்காமல் நின்றது வேறு. கதை பெரும்பகுதி கோனியின் மனதுக்குள் இருந்துதான் சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணுக்குத் தனிமை உண்டு, அலுப்பு உண்டு, தனக்கென்று விருப்பம் உண்டு என்பது எங்கள் வயதுப் பையன்களின் பேச்சில் அதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. காட்டில் கூண்டுக்குள் அடைகாக்கும் கோழிகளைப் பார்க்க அவள் தினமும் போவாள். ஒரு நாள் பொரித்த குஞ்சைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, தன்னை மறந்து அழுதுவிடுவாள். அந்த இடத்தைப் படித்த பிறகு என் அம்மா மத்தியான நேரங்களில் கொல்லைப்புறப் படியில் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். 'கனிவு' என்ற பொருளில் ஒரு தலைப்பைத்தான் லாரன்ஸ் இந்த நாவலுக்கு ஒரு கட்டத்தில் யோசித்திருந்தார். அந்தத் தலைப்பே நின்றிருந்தால் இவ்வளவு கெட்ட பெயர் வந்திருக்காது, மூர் மார்க்கெட்டில் இருந்து நெய்வேலிக்கும் வந்திருக்காது.

நாவலில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். மெல்லர்ஸ் நிறையப் பிரசங்கம் செய்கிறான். தன் மனைவி பெர்த்தாவைப் பற்றி அவன் பேசுவது கொடூரமாக இருக்கிறது, லாரன்ஸும் அவன் பக்கமே சாய்கிறார். கிளிஃபர்டின் ஊனத்தை அவருடைய மனசின் குறைக்கு அடையாளமாக ஆக்கியது அநியாயம். இதெல்லாம் பதினாறு வயதில் எனக்குத் தோன்றவில்லை, இப்போது உறுத்துகிறது. லாரன்ஸ் இதை எழுதியது 1926 முதல் 1928 வரை, ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில் வில்லா மிரெண்டா என்ற வீட்டில், காசநோயோடு. மொத்தம் மூன்று முறை முழுக்க முழுக்க எழுதினார். இங்கிலாந்தில் யாரும் போடமாட்டார்கள் என்று தெரிந்து, ஃப்ளாரன்ஸில் ஓரியோலி என்ற நண்பர் மூலமாகத் தன் செலவிலேயே 1000 பிரதிகள் அச்சிட்டார். அச்சகத்தாருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னபோது, "இதைத்தானே தினமும் செய்கிறோம்" என்றாராம் அச்சகத்துக்காரர். லாரன்ஸே எழுதி வைத்திருக்கிறார் இதை. 1930 மார்ச்சில், 44 வயதில், அவர் இறந்துபோனார். தன் நாட்டில் அந்த நாவல் முழுசாக வெளியானதை அவர் பார்க்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1964 தீர்ப்பு நாவலைத் துண்டாகவும் பார்த்தோம், முழுமையின் பின்னணியிலும் பார்த்தோம் என்றுதான் சொல்கிறது. கலையும் ஆபாசமும் கலந்திருந்தால், ஆபாசம் நிழலில் மறையும் அளவுக்குக் கலை ஓங்கி நிற்க வேண்டும் என்கிறது. எழுத்து நன்றாக இருக்கிறது, தர்க்கமும் இருக்கிறது. முடிவு தவறு என்பது என் எண்ணம். ஹிதாயத்துல்லா அவர்களே 1970இல் திரைப்பட இயக்குநர் கே.ஏ.அப்பாஸின் ஆவணப்பட வழக்கில், பாலுறவும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்று எழுதினார். 1969இலேயே 292ஆம் பிரிவு திருத்தப்பட்டு, அறிவியல், இலக்கியம், கலை ஆகியவற்றின் நலனுக்காகப் பொது நன்மை கருதி வெளியிடப்படுபவைக்கு விலக்கு வந்துவிட்டது. உதேஷிக்கு அந்த விலக்கு கிடைத்திருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கலாம். ஹிக்ளின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது 2014இல், அவீக் சர்க்கார் வழக்கில். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரின் புகைப்படம் பற்றிய வழக்கு அது. இப்போது சமகாலச் சமூகத்தின் சராசரி மனிதர்தான் அளவு, முழுமையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2016 ஜூலை 5 அன்று பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சொன்ன துணிச்சலுக்குப் பின்னால் இந்த நீண்ட பாதை முழுவதும் இருக்கிறது. 2024 ஜூலை முதல் பழைய 292ஆம் பிரிவின் இடத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு இருக்கிறது. இலக்கியத்துக்கான விலக்கு அதிலும் உண்டு.

ஆக, வாங்கலாம். கடைகளிலும் இணையத்திலும் வெளிப்படையாகவே விற்கிறார்கள். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1932இல் லண்டனில் வெட்டித் திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. அதன் வழியாக வந்த சுருக்கங்களும் மலிவு விலைப் பதிப்புகளும் இன்னும் சுற்றுகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1993இல் மைக்கேல் ஸ்குவயர்ஸைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சரிபார்த்து வெளியிட்ட மூலப்பாடம்தான் நம்பகமானது, பென்குயின் கிளாசிக்ஸ் வரிசையில் அதே பாடம் குறைந்த விலையில் கிடைக்கும். முதல் ஐந்தாறு அத்தியாயங்கள் மெதுவாகப் போகும். கிளிஃபர்டின் நண்பர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். அவற்றைத் தாண்டிக் குதிக்காமல் படியுங்கள், நாற்காலி மேட்டில் நிற்கும்போது அந்தப் பேச்செல்லாம் எதற்காக வந்தது என்று தெரியும். தமிழில் படிக்க விரும்பினால், எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் பதிமூன்றாம் அத்தியாயம் முழுசாக இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.